நினைவால் பொரியும் முட்டை: பச்சோந்தி முட்டையை வீட்டில் பொரிக்க நினைப்போர்க்கு ஒரு வரலாறு

முட்டை குஞ்சாகும் செயலைக் குறிக்கத் தமிழில் பெருவழக்காக இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று அடைகாத்தல், மற்றொன்று பொரித்தல். அடைகாத்தல் என்பது தாயின் செயல். அவள் முட்டையின் மேல் அமர்கிறாள், மூடுகிறாள், காக்கிறாள். பொரித்தல் என்பது முட்டையின் செயல். நெல் சூட்டில் வெடித்துப் பொரியாவதும் முட்டை வெடித்துக் குஞ்சு வெளிவருவதும் நம் மொழியில் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. சூடு உள்ளே சென்றால் மூடியிருப்பது திறக்கும் என்ற பட்டறிவு அச்சொல்லில் படிந்துள்ளது. ஆங்கிலத்தார் இதே செயலுக்கு வழங்கும் சொல், 'மேலே படுத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழோ இலத்தீனோ, இச்சொற்களைப் படைத்தவர்களின் கண்முன் இருந்தது கோழியே. பல்லியோ ஆமையோ அன்று.

ஊர்வனவற்றுள் பெரும்பாலானவை முட்டையின் மேல் அமர்வதில்லை. புதைத்துவிட்டுப் போய்விடுகின்றன. அமராத தாயின் முட்டை எவ்வாறு பொரிகிறது என்ற வினா நம் முன்னோரையும் உறுத்தியிருக்கிறது. தீட்சையின் வகைகளை விளக்கும் சைவ, சாக்த மரபுகளில் ஓர் உவமை வழிவழியாகச் சொல்லப்படும். பறவை தொட்டுப் பொரிக்கும். மீன் பார்த்துப் பொரிக்கும். ஆமை நினைத்துப் பொரிக்கும். பரிச தீட்சைக்கும் நயன தீட்சைக்கும் மானச தீட்சைக்கும் இம்மூன்றும் முறையே ஒப்புமைகள். கரையேறி மணலில் முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பிய ஆமை, நீரின் ஆழத்திலிருந்தபடியே முட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அவ்வெண்ணமே அவற்றுக்குச் சூடு என்பது கருத்து. இதை அறிவியல் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் இவ்வுவமைக்குள் ஒரு கூரிய கவனிப்பு இருக்கிறது. தாய் அங்கே இல்லை. இருந்தும் முட்டை பொரிகிறது. ஆகவே தாய் ஏதோ ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறாள். அது என்ன என்பதைக் கண்டறிய மனிதர்க்கு இருபதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று. அந்த வரலாறே இப்பதிவின் பொருள்.

பச்சோந்தியிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் வாழும் உண்மையான பச்சோந்தி இனம் ஒன்றே. 1768இல் லாரென்டி அதற்கு இலங்கையின் பெயரால் அறிவியற் பெயர் சூட்டினார். இந்தியத் தீபகற்பம், இலங்கை, பாகிஸ்தானின் சில பகுதிகள் ஆகியன அதன் வாழிடம். பச்சை ஓந்தியே பச்சோந்தி. அந்த 'ஓந்தி' மலையாளத்தில் 'ஓந்து' என நிற்கிறது. சங்கப் பாடல்களில் 'ஓதி' என வருகிறது. குறுந்தொகையின் 140ஆம் பாடலில் வழிச்செல்வோர் நிமித்தம் பார்க்கும் உயிரி இதுவே. தெலுங்கில் ஊசரவெல்லி, கன்னடத்தில் ஊசரவள்ளி, ஒடியாவில் பலவடிவினன் என்று பொருள்படும் பஹுரூபி. இந்தியின் கிர்கிட் என்ற சொல் ஓணானையும் பச்சோந்தியையும் சேர்த்தே சுட்டும். வடமொழியில் கிருகலாசம், ஒரே பசுவை இருமுறை தானம் செய்த பிழைக்காக நிருகன் என்ற அரசன் பாழுங்கிணற்றில் கிருகலாசமாய்க் கிடந்து கண்ணனின் கைபட்டு மீண்ட கதை பாகவதத்தில் உண்டு. கிரேக்கர் அதைத் 'தரைச் சிங்கம்' என்றனர்.

இத்தனை மொழிகள் இதற்குப் பெயரிட்டும், அப்பெயர்கள் நிறத்தையும் உருவத்தையுமே பேசுகின்றன. அதன் முட்டையைப் பற்றி ஒரு பழமொழியைக்கூட நான் கண்டதில்லை. காரணம் எளிது. வாழ்நாள் முழுதும் மரத்திலும் புதரிலும் திரியும் பெண் பச்சோந்தி, முட்டையிடுவதற்கென்றே தரைக்கு இறங்குகிறது. முன்கால்களால் மண்ணைத் தோண்டி, ஏறத்தாழ பத்து முதல் முப்பது வரை முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, இடம் தெரியாதவாறு சமன்செய்துவிட்டு மரமேறிவிடுகிறது. நாம் காண்பது நிறம் மாறும் உயிரியை. அது தோன்றிய மண்ணை நாம் காண்பதில்லை.

மேலைநாட்டிலும் இதே கதைதான். அரிஸ்டாட்டில் தம் விலங்கு வரலாற்றில் பச்சோந்தியின் கண்ணையும் விலாவையும் வாலையும் விரிவாக எழுதினார். உரோமானியரான பிளினி, அது எதையும் உண்ணாது, காற்றை மட்டுமே உண்டு வாழ்கிறது என்று எழுதிவைத்தார். அந்நம்பிக்கை ஒன்றரை ஆயிரம் ஆண்டுகள் நிலைத்தது. 1669இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின் சார்பில் குளோத் பெரோ பச்சோந்தியை அறுத்து ஆராய்ந்த விவரணையை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின், 1670களில், புதின ஆசிரியை மதலேன் த ஸ்குதெரிக்கு எகிப்திலிருந்து பச்சோந்திகள் வந்துசேர்ந்தன. அவற்றைத் தம் வீட்டில் வைத்துப் பேணி, அவற்றின் நடத்தையை அவரே எழுதி வெளியிட்டார். வீட்டில் பச்சோந்தி வளர்த்து எழுதியவர்களுள் மிக முற்பட்டவர் என்று அவரைச் சொல்லலாம். இவர்கள் எல்லோரும் பேசியது வளர்ந்த விலங்கைப் பற்றியே. முட்டையிலிருந்து ஒரு தலைமுறையை வீட்டிலேயே எழுப்புதல் என்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் பரவிய கலை.

அக்கலை பரவக் காரணமான இனம் ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கையும் தாயகமாகக் கொண்ட முக்காட்டுப் பச்சோந்தி. தலையில் உயர்ந்த கொண்டை உடையது. ஒரே முறையில் பல பத்து முட்டைகள் இடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காக வளர்ப்போர் அதன் முட்டைகளைப் பொரிக்க ஒரு முறையைக் கண்டு செம்மைப்படுத்தினர். சூட்டில் உப்பவைத்த மைக்கா இனக் கனிமமான வெர்மிகுலைட்டை நீரில் நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் ஒரு மூடியுள்ள பெட்டியில் பரப்புவர். முட்டைகளை அதில் பாதி புதையுமாறு இடைவெளிவிட்டு வைப்பர். இருட்டான அலமாரியில், 26 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பர். ஆறு மாதம், சில வேளை ஒன்பது மாதம். இறுதியில் முட்டையின் மேல் வியர்வைபோல் துளிகள் அரும்பும். ஓடு சற்றுச் சுருங்கும். பிறகு முனையில் கீறல் விழும். விரல் நகத்தளவு தலை ஒன்று வெளிப்பட்டு, சில மணி நேரம் அப்படியே ஓய்ந்திருக்கும்.

எளிதாகத் தோன்றும் இம்முறைக்குள் கோழிப்பண்ணை அறிவுக்கு நேர்மாறான இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, முட்டையைத் திருப்பக் கூடாது. கோழி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; தாய்க்கோழி அலகால் அதைச் செய்கிறது, பொறிகளும் அதையே செய்கின்றன. ஊர்வனவற்றின் முட்டையில் மஞ்சட்கருவைத் தாங்கிப் பிடிக்கும் முறுக்குக் கயிறுகள் இல்லை. கரு மேலெழுந்து ஓட்டின் உட்புறத்தே ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் தலைகீழாகத் திருப்பினால் உறைகள் கிழியலாம். மஞ்சட்கருவின் பாரம் கருவை நசுக்கலாம். இரண்டாவது, கோழி முட்டை நாளடைவில் நீரை இழக்கும். பச்சோந்தி முட்டையின் தோல் போன்ற ஓடு மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கும். ஆக இங்கே ஈரம் என்பது முட்டையைச் சூழ்ந்த காற்றின் பண்பு மட்டுமன்று. முட்டை அருந்தும் உணவும் ஆகும்.

பிறகு காலம். முக்காட்டுப் பச்சோந்தியின் கரு, முட்டை இடப்படும்போது வளர்ச்சியின் மிகத் தொடக்க நிலையிலேயே இருக்கிறது. பிற பல்லிகளின் கரு அந்நேரத்தில் கால்முளைகளோடு இருக்கும். பச்சோந்திக் கருவோ இடப்பட்ட பின்னரும் வாரக்கணக்கில் வளராமல் உறங்குகிறது. ஸ்பெயினின் தென்கரையில் வாழும் பொதுப் பச்சோந்தி இலையுதிர் காலத்தில் முட்டையிடும். குஞ்சுகள் மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தை ஒட்டி வெளிவரும். நடுவே ஒரு குளிர்காலம் கடந்தாக வேண்டும். குளிர் முட்டைகளின் கடிகாரங்களை ஒன்றாக நிறுத்திவைக்கிறது. வெம்மை திரும்பும்போது எல்லாம் ஒருசேர ஓடத் தொடங்குகின்றன. மடகாஸ்கரின் தென்மேற்கில் வாழும் லாபோர்டுப் பச்சோந்தியின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள். வெளியே நான்கைந்து மாதம் மட்டுமே. பொரிந்து, வளர்ந்து, கூடி, முட்டையிட்டு, அந்தப் பருவத்திலேயே தலைமுறை முழுதும் மடிகிறது. வறண்ட மாதங்களில் அவ்வினத்துக்கு மண்ணுக்குள் மட்டுமே இருப்பு உண்டு. முட்டை என்பது வாழ்வுக்கு முன்னுரை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வுயிரிக்கோ முட்டையே வாழ்வின் பெரும்பகுதி.

சூட்டுக்கு மற்றொரு வேலையும் உண்டு என்பது 1966இல் தெரியவந்தது. செனகலின் டாக்கர் நகரில் பணியாற்றிய மதலேன் ஷார்னியே, அங்குள்ள ஓணான் இனம் ஒன்றின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் பொரிக்கச் செய்தபோது, குஞ்சுகளின் பால் விகிதம் மாறுவதைக் கண்டார். ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்க முடியும் என்ற அந்த முதற்செய்தி, மேற்கு ஆப்பிரிக்க உயிரியற் கழகத்தின் பிரெஞ்சு மொழி ஏட்டில் வெளிவந்தது. அதை உடனே பொருட்படுத்தியவர் மிகச் சிலர். 1970களில் ஆமைகளிலும் 1982இல் அமெரிக்க முதலையிலும் இவ்வுண்மை நிலைநாட்டப்பட்ட பின்னரே ஷார்னியேயின் பெயர் மேற்கோளாயிற்று. நம் நாட்டில் தார்வாடு நகரத்துக் கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோட்டத்து ஓணானின் முட்டைகளைப் பல வெப்பநிலைகளில் வைத்து ஆராய்ந்து, சூடு ஏற ஏறப் பெண், ஆண், மீண்டும் பெண், மீண்டும் ஆண் என மாறிவரும் ஒரு புதுவகை ஒழுங்கை விவரித்தனர். முக்காட்டுப் பச்சோந்தியில் பாலைத் தீர்மானிப்பது குரோமோசோமே, சூடு அன்று என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒரே கிளையின் உறவினர்களிடையே இவ்வளவு வேற்றுமை. 'பல்லி முட்டைக்கு இதுவே முறை' என்று ஒரே விதியை எழுதிவைக்க முடியாது.

இந்த அறிவு முழுமையாகத் திரளும் முன்னரே இந்தியா ஊர்வனவற்றின் முட்டைகளைப் பெருமளவில் பொரிக்கும் பணியில் இறங்கியிருந்தது. 1974 அளவில் கரியால் எனப்படும் கங்கை முதலை உலகெங்குமாக இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியதாகக் கணிக்கப்பட்டது. ஆண் முதலையின் மூக்கு நுனியில் குடம்போல் புடைத்திருப்பதால் வந்த பெயர் அது; இந்தியில் கடா என்றால் குடம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு அனுப்பிய வல்லுநர் ராபர்ட் பஸ்டர்டின் பரிந்துரையின்பேரில், 1975இல் ஒடிசாவில் மகாநதிக் கரையிலுள்ள டிக்கர்பாடாவில் முதலைத் திட்டம் தொடங்கியது. அதே காலத்தில் பித்தர்கனிகாவில் உவர்நீர் முதலைக்கும், லக்னோவை அடுத்த குக்ரைலில் கரியாலுக்கும் பொரிப்பகங்கள் எழுந்தன. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் துணைவரும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினர். கடலாமைக்கான முயற்சி இன்னும் முந்தியது. 1970களின் முற்பாதியிலேயே சென்னைக் கடற்கரையில் இரவு நடைகளும் பொரிப்பகமும் தொடங்கிவிட்டன. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று அப்பணியைத் தொடர்கிறது.

முட்டையெடுப்பவர்களின் கைமுறையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆற்று மணலைக் கையாலேயே விலக்குவர். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு குறி. குறி மேல்நோக்கியே இருக்குமாறு, அதே மணலைப் பரப்பிய பெட்டியில் அடுக்குவர். வெயில் ஏறுமுன், குலுங்காமல் கொண்டுசெல்வர். பொரிப்பகத்திலும் அதே ஆழத்தில் புதைப்பர். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குப் பின் மணலுக்கடியிலிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். ஆற்றங்கரையில் அக்குரல் கேட்டுத் தாய் வந்து தோண்டும். பொரிப்பகத்தில் காவலர் காதைத் தரையருகே வைத்துக் கேட்டுத் தோண்டுவார். தாய் செய்த பணியை மனிதர் ஏற்றுக்கொண்ட கணம் அது. 1980களில் ஜெஃப்ரி லாங் என்ற அமெரிக்க அறிஞர் வடநெம்மேலிக் குழுவினரோடு சேர்ந்து சதுப்புநில முதலையின் முட்டைகளை ஆராய்ந்தார். 31 பாகை வரையிலான வெப்பத்தில் பெண் குஞ்சுகள், 32.5 பாகையை ஒட்டிப் பெரும்பாலும் ஆண் குஞ்சுகள். ஒரு பாகைக்கும் ஒன்றரைப் பாகைக்கும் இடையே ஓர் ஊரின் மக்கள்தொகையே மாறிவிடும். நிழலில் பொரிப்பகம் அமைப்பதா வெயிலில் அமைப்பதா என்ற எளிய முடிவுகூட ஒரு தலைமுறையின் பாலை எழுதிவிடக்கூடியது என்பது அப்போது தெளிவாயிற்று.

திட்டம் வென்றதா? சம்பல் ஆற்றில் கரியால் மீண்டது. இன்றும் அதன் பெரும் புகலிடம் அதுவே. ஆனால் 2007 டிசம்பர் முதல் 2008 மார்ச் வரை அதே ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்து மிதந்தன. மாசுபட்ட உணவின்வழி நஞ்சு சேர்ந்திருக்கலாம் என்று ஐயுறப்பட்டது. திட்டம் பிறந்த மகாநதியிலோ, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை விட்டும் அவை நிலைக்கவில்லை. வலையும் படகுப் போக்குவரத்தும் மணல்திட்டுகளின் மாற்றமும் அவற்றை வாழவிடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2021இல்தான் சத்கோசியா மலையிடுக்கில் ஒரு கரியால் தானே மணலில் முட்டையிட்டு, குஞ்சுகள் இயற்கையாகவே பொரிந்தன. பெட்டியில் பொரிந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் காட்டிலும் மணலில் பொரிந்த அந்தச் சில குஞ்சுகளை ஒடிசா வனத்துறையினர் இரவுபகல் காத்ததற்குப் பொருள் உண்டு. முட்டை பொரிவது வேறு. ஆறு தன் குஞ்சைத் தானே பெறுவது வேறு.

இப்போது வீட்டுக்கு வருவோம். பச்சோந்தி முட்டையை வீட்டில் பொரிக்கலாமா என்று கேட்போர் இரு வகையினர். முதல் வகையினர் தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது முட்டைகளைக் கண்டவர்கள். பெரும்பாலும் அவை ஓணானின் முட்டைகளாக இருக்கும், பச்சோந்தியினவாகவும் இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'விலங்கு' என்ற சொல்லை வரையறுக்கும்போதே, பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளையும் அச்சொல்லுக்குள் சேர்த்துவிடுகிறது. அவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கலைப்பதும்கூட அச்சட்டத்தின் கண்ணில் வேட்டையே. இந்தியப் பச்சோந்தி அச்சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற இனம். ஒரு மொழியியல் மாணவனாக எனக்கு இவ்வரையறையின் மேல் தனி மதிப்பு உண்டு. அகராதியில் முட்டை ஒரு பொருள்; சட்டத்தில் அது ஓர் உயிர். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே. திருப்பாமல், கழுவாமல், இருந்த நிலையிலேயே அதே மண்ணால் மூடிவிட்டு, அவ்விடத்தில் ஒரு குச்சியை நட்டு, சில மாதங்களுக்கு அங்கே மண்வெட்டி படாமல் பார்த்துக்கொள்வது. வீட்டிலேயே பச்சோந்தி பொரிப்பதற்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை.

இரண்டாம் வகையினர் அயல்நாட்டுப் பச்சோந்திகளை வாங்கி இனம்பெருக்க எண்ணுபவர்கள். 2020 ஜூனில் ஒன்றிய அரசு அயல் இனங்களைத் தாமாகவே அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதையும் குஞ்சு பிறப்பைத் தெரிவிப்பதையும் கடமையாக்கின. முக்காட்டுப் பச்சோந்தி அப்பட்டியலில் உண்டு. இது வெறும் தாள்வேலை என்று எண்ண வேண்டாம். ஒரு முட்டைத் தொகுதியில் பல பத்துக் குஞ்சுகள்; அவற்றைத் தனித்தனிக் கூண்டில், உயிருள்ள பூச்சிகளை ஊட்டி, புற ஊதா விளக்கொளியில் வளர்க்க வேண்டும். அலுத்தவர்கள் வெளியே விட்டுவிடுகிறார்கள். ஹவாயின் மாவி தீவில் 2002இல் முக்காட்டுப் பச்சோந்திகள் காட்டுயிராய்ப் பெருகியிருந்தது கண்டறியப்பட்டது; தனக்கென இயல்பான பச்சோந்தி இனமே இல்லாத அத்தீவின் பூச்சிகளும் சிறு பறவைகளும் அதற்கு இரையாகும் என்ற அச்சத்தில் அவற்றைப் பிடிக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. பொரிக்கத் தெரிந்தவர்கள் அதன் பிறகு என்ன என்று கேட்கத் தவறியதன் விலை அது.

ஆமை நினைத்துப் பொரிக்கிறது என்ற உவமையை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. கரியால் முட்டையிடுமுன் பல இரவுகள் கரையேறி, பல குழிகளைத் தோண்டிப் பார்த்துக் கைவிடுகிறது. பெண் பச்சோந்தியும் ஓரிடத்தில் தோண்டி, மனம் ஒப்பாமல் வேறிடம் போகிறது. ஈரம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, வெயில் எத்தனை நாழிகை விழும், வெள்ளம் எட்டுமா என்பதையெல்லாம் அத்தோண்டலில் தேர்ந்து முடிக்கிறது. அவள் விட்டுச் செல்வது அந்தத் தேர்வை. அடுத்த எட்டு மாதமும் முட்டையைக் காப்பது, பொரிக்கும் நாளைக் குறிப்பது, சில இனங்களில் ஆணா பெண்ணா என முடிவுசெய்வது எல்லாம் அவள் தேர்ந்த அந்தக் கையளவு மண்ணே. நம் பெட்டிகளும் வெர்மிகுலைட்டும் வெப்பமானிகளும் அம்மண்ணைப் படியெடுக்கும் முயற்சிகள். அழியும் நிலையிலுள்ள ஓரினத்துக்கு அந்தப் படி தேவைப்படலாம், கரியாலுக்குத் தேவைப்பட்டது. மூலமே நம் வேலியோரத்தில் இன்னும் இருக்கும்போது, அதை உழாமல் விடுவதே நாம் செய்யக்கூடிய அடைகாத்தல்.